71 கிலோவும் ஒரு வாட்ஸ்அப் செய்தியும்

மகன் பிறந்து நாற்பது நாள் ஆகியிருந்தது. ராத்திரி இரண்டு மணிக்குப் பால் கொடுத்துவிட்டு, தூக்கம் வராமல் போனைத் தடவிக்கொண்டிருந்தேன். குடும்ப குரூப்பில் நாத்தனார் ஒரு செய்தியைத் தள்ளிவிட்டிருந்தார். குண்டாக இருக்கும் பெண் கருத்தரித்தால் குழந்தையின் மரபணுவே மாறிவிடுமாம், வெளிநாட்டு விஞ்ஞானிகள் கண்டுபிடித்துவிட்டார்களாம். கீழே சிவப்பு எழுத்தில் 'அனைவருக்கும் பகிரவும்'. அவர் என்னை மனதில் வைத்து அனுப்பவில்லை. வருவதையெல்லாம் அப்படியே தள்ளிவிடுகிறவர். அதற்கு முந்தைய செய்தி கறிவேப்பிலையைப் பற்றியது. ஆனாலும் என் பெயர் போட்டு வந்த கடிதம் மாதிரிதான் எனக்கு இருந்தது.

காரணம், நாள் தள்ளிப்போன 2017 ஜூனில் என் எடை 71 கிலோ. உயரம் 154 சென்டிமீட்டர். கணக்குப் போட்டால், உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் பிஎம்ஐ 29.9 வரும். இந்தியர்களுக்கு 23ஐத் தாண்டினாலே அதிக எடை, 25ஐத் தாண்டினால் உடல் பருமன் என்று வைத்திருக்கிறார்கள். அந்த இரண்டு கோட்டையும் எப்போது தாண்டினேன் என்றே எனக்குத் தெரியாது.

இதில் ஒரு வேடிக்கை, நான் மேல்நிலை வகுப்புக்கு விலங்கியல் எடுக்கும் ஆசிரியை. டிஎன்ஏ ஏணியை வண்ணச் சாக்பீசில் வரைந்து காட்டுகிறவள். என் உடம்பைப் பற்றி யோசிக்க ஒரு வாட்ஸ்அப் செய்தி தேவைப்பட்டது.

முதல் செக்கப்பில் எடை பார்த்தார்கள், அட்டையில் எழுதினார்கள். எழுதியதோடு சரி. அது ஒரு தனியார் மருத்துவமனை, கூட்டம் எப்போதும் வாசல்வரை நிற்கும். அந்த எண்ணைப் பார்த்து யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வீட்டில் சொல்லவே வேண்டாம். "ரெண்டு உசுருக்குச் சாப்பிடணும் கண்ணு" என்று அத்தை தட்டு நிறையப் போடுவார். நெய் தோசை, பாதாம் பால், வளைகாப்புக்குக் கட்டுச்சோறு ஏழு வகை. அமெரிக்காவின் இன்ஸ்டிட்யூட் ஆஃப் மெடிசின் 2009இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி என் அளவு எடையோடு கர்ப்பத்தில் நுழையும் பெண் 7 முதல் 11.5 கிலோவரை கூடினால் போதும். நான் 15 கிலோ கூடினேன்.

26ஆவது வாரத்தில் குளுக்கோஸ் தண்ணி டெஸ்ட். 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடித்துவிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் கொடுக்க வேண்டும். வெறும் வயிற்றோடு வர வேண்டியதில்லை. தொலைவிலிருந்து பஸ் ஏறி வரும் கர்ப்பிணியைப் பட்டினி போடக் கூடாது என்பது இந்த முறையில் உள்ள நல்ல விஷயம். இந்த எளிய முறை நாடெங்கும் பரவப் பாடுபட்டவர் சென்னை மருத்துவர் வி. சேஷய்யா. 140ஐத் தொட்டால் கர்ப்பகாலச் சர்க்கரை. எனக்கு 172 வந்தது. கடைசி இரண்டு மாதம் இன்சுலின். சிசேரியனில் பிறந்த மகன் 3.7 கிலோ. பார்க்கிறவர்களெல்லாம் "நல்ல கொழுகொழுன்னு இருக்கான்" என்று கன்னத்தைக் கிள்ளினார்கள். அவனோ பிறந்த சில மணி நேரத்திலேயே சர்க்கரை இறங்கி, இரண்டு நாள் பச்சைக்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தான். என்னிடமிருந்து போய்க்கொண்டிருந்த சர்க்கரைக்கு ஈடாகத் தன் கணையத்தில் இன்சுலினை அதிகமாகச் சுரந்து பழகியிருந்தது அந்தப் பிஞ்சு உடம்பு. தொப்புள்கொடியை வெட்டியதும் சர்க்கரை நின்றுவிட்டது, இன்சுலின் நிற்கவில்லை.

இப்படியிருக்கும்போது அந்தச் செய்தி வந்தால் எப்படி இருக்கும்? ஒரு வாரம் அழுதேன். அப்புறம் ஆசிரியைப் புத்தி விழித்துக்கொண்டது. மூலம் எது என்று தேட ஆரம்பித்தேன்.

அந்தச் செய்தி தொட்ட துறைக்கு எபிஜெனெடிக்ஸ் என்று பெயர். முதலில் அது என்ன என்பதை எனக்கே விளக்கிக்கொண்டேன். பாடப்புத்தகத்தில் அச்சடித்திருப்பது எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒன்றுதான். ஆனால் பரீட்சைக்கு முன்னால் யாருடைய புத்தகத்தை வாங்கிப் பார்த்தாலும் ஓரத்தில் பென்சிலால் 'வெரி இம்பார்ட்டன்ட்', 'இது வராது' என்று குறித்திருப்பார்கள். அச்சு மாறவில்லை, எதைப் படிப்பது எதை விடுவது என்பது மாறிவிட்டது. டிஎன்ஏ மீது ஒட்டும் மெத்தில் தொகுதி என்ற சிறு வேதித் துணுக்கு அந்தப் பென்சில் குறி மாதிரி. பல இடங்களில் அது ஒட்டினால் அந்த மரபணு அடங்கியிருக்கும், விலகினால் வேலை செய்யும். ஆக, 'மரபணுவே மாறிவிடும்' என்ற முதல் வரியே தப்பு. மாறுவது குறி.

அடுத்து ஆராய்ச்சி. 2017இல் வெளியான ஒரு பெரிய கூட்டு ஆய்வு கிடைத்தது. பெரும்பாலும் ஐரோப்பா, அமெரிக்காவைச் சேர்ந்த 19 ஆய்வுக் குழுக்களின் தரவுகளைச் சேர்த்து, 9,340 தாய்–சேய் ஜோடிகளைப் பார்த்திருந்தார்கள். கர்ப்பத்துக்கு முன் தாயின் பிஎம்ஐ ஒரு பக்கம். பச்சைக்குழந்தையின் ரத்தத்தில் நாலரை லட்சத்துக்கும் மேற்பட்ட இடங்களில் மெத்தில் குறி எவ்வளவு என்பது மறுபக்கம்.

9,044 இடங்களில் தொடர்பு தெரிந்தது. அந்த எண்ணைப் பார்த்தவுடன் எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஆனால் தொடர்ந்து படிக்க வேண்டும். ரத்தத்தில் பலவகை அணுக்கள் உண்டு, ஒவ்வொரு வகைக்கும் குறிகள் வேறு. ஒரு குழந்தைக்கு ஒரு வகை அணு கொஞ்சம் கூடுதலாக இருந்தாலே குறி மாறியதுபோல் தோன்றும். அதைக் கழித்துப் பார்த்தால் 9,044 என்பது 104 ஆகச் சுருங்கியது. இரண்டு கணக்கிலும் நிலைத்து நின்றவை 86. அந்த 86இல் 72 இடங்களில் பதின்ம வயதுப் பிள்ளைகளிடமும் மாற்றம் அதே திசையில் இருந்தது. சரி, ஏதோ இருக்கத்தான் செய்கிறது.

இங்கேதான் ஆராய்ச்சியாளர்கள் ஒரு கெட்டிக்கார வேலை செய்திருந்தார்கள். அப்பாவின் எடையையும் எடுத்துப் பார்த்தார்கள். அப்பாவின் வயிற்றில் குழந்தை வளரவில்லையே! அப்பாவின் எடையோடும் அதே மாதிரி தொடர்பு தெரிந்தால், காரணம் கருப்பை இல்லை; அந்த வீட்டின் சாப்பாடாக இருக்கலாம், இருவரும் கொடுத்த மரபணுவாக இருக்கலாம். இப்படியும், மரபணு வேறுபாடுகளை வைத்தும் சலித்துப் பார்த்ததில் கருப்பைக்குள் நடந்த விளைவு என்று சொல்லச் சான்று இருந்தது எத்தனை இடங்களில்? 86இல் எட்டு.

அளவும் முக்கியம். பிஎம்ஐ ஓர் அலகு கூடினால் குறியில் வரும் வித்தியாசம் 0.2 சதவீதத்துக்கும் குறைவு. 22 இருக்கும் பெண்ணுக்கும் 30 இருந்த எனக்கும் எட்டு அலகு வித்தியாசம். அதிகபட்சமாக வைத்தாலும் 1.6 சதவீதம். குழந்தையின் ரத்தத்தில் ஓர் இடத்தின் நூறு பிரதிகளை எடுத்து வைத்தால் ஒன்றிரண்டில் மட்டும் பென்சில் குறி மாறியிருக்கும். அந்த ஒன்றிரண்டுக்காகவா ஒரு வாரம் அழுதேன்?

இதை வீட்டுக்காரரிடம் படித்துக் காட்டினேன். அவர் அப்போது 92 கிலோ. "அப்ப நான் தப்பிச்சேனா, மாட்டிக்கிட்டேனா?" என்றார். பாதி மாட்டிக்கிட்டீங்க என்றேன். அன்றிலிருந்து அவருடைய தட்டும் கணக்கில் வந்தது. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 'தாயின் எடை' என்று தலைப்புப் போட்டுவிட்டால் சமையலறை, கடைத்தெரு, வேலை நேரம், மாமியார், கணவன் எல்லாரும் காணாமல் போய்விடுகிறார்கள். தராசில் அவள் மட்டும் நிற்கிறாள். 2019–21இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதம் பேர் 25க்கு மேல் பிஎம்ஐ உள்ளவர்கள். முந்தைய கணக்கெடுப்பில் அது 30.9. சில வருஷத்தில் பத்தில் ஒருத்தி கூடுதலாகப் பருமனாவது தனித்தனிப் பெண்களின் சோம்பலால் என்றால் என்னால் நம்ப முடியாது.

தேடப்போன இடத்தில் எதிர்பாராத ஒன்றும் கிடைத்தது. குறி விழுவது குண்டான தாயிடம் மட்டும் இல்லை.

1944 கடைசியில் ஜெர்மானியப் படை நெதர்லாந்தின் மேற்குப் பகுதிக்கு உணவு போகாமல் அடைத்தது. அந்தக் குளிர்காலப் பஞ்சத்தில் கருவானவர்களை அறுபது வருஷம் கழித்துச் சோதித்து, பஞ்சம் காணாத அவர்களுடைய உடன்பிறந்தவர்களோடு ஒப்பிட்டார்கள். வளர்ச்சியோடு சம்பந்தப்பட்ட ஐஜிஎஃப்2 என்ற மரபணுவில் மெத்தில் குறி குறைந்திருந்தது. 2008இல் வெளியான முடிவு இது. கருத்தரித்த சமயத்தில் பட்டினி கிடந்த தாய்மார்களின் பிள்ளைகளிடம்தான் அது தெரிந்தது. கர்ப்பத்தின் பிற்பகுதியில் பஞ்சத்தில் மாட்டியவர்களிடம் இல்லை.

நம் நாட்டுக் கதை இன்னும் நெருக்கம். புனேயில் மருத்துவர் யாஜ்னிக்கின் குழு 1990களிலிருந்து சுற்றுக் கிராமத்துத் தாய்மார்களைப் பின்தொடர்ந்து வருகிறது. அங்கே பிறந்த குழந்தைகள் சராசரி 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் 3.5 கிலோ. எடையில் இவ்வளவு குறைந்தாலும் தோலடிக் கொழுப்பில் மட்டும் நம் குழந்தைகள் அவ்வளவு பின்தங்கவில்லை; தசையில்தான் பற்றாக்குறை. 'ஒல்லியான, கொழுப்புள்ள இந்தியக் குழந்தை' என்று அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள்.

அதைப் படித்துவிட்டு அம்மாவுக்குப் போன் போட்டேன். "என்னைச் சுமந்தப்ப நீ எத்தனை கிலோம்மா இருந்தே?"

"அதையெல்லாம் யாருடீ நிறுத்துப் பார்த்தா? கடலை மூட்டை போடற தராசுலயா நிக்கறது?" என்றார். பிறகு தானே சொன்னார், ஏழாம் மாசம்வரை களையெடுக்கப் போனதையும், நான் எலிக்குஞ்சு மாதிரி பிறந்ததையும். அம்மாவின் கல்யாணப் போட்டோவில் முழங்கை எலும்பு துருத்திக்கொண்டிருக்கும். நான் வகுப்பில் சொல்லித்தருவேன்: பெண் கரு தாயின் வயிற்றில் இருக்கும்போதே அதன் சூலகத்தில் சினைமுட்டைகள் உருவாகிவிடுகின்றன என்று. அப்படியானால் என் மகனாக ஆன முட்டையும் அந்த ஒல்லி வயிற்றுக்குள், களையெடுத்த காட்டுக்குள் இருந்ததுதான். 71 கிலோ கதையை 2017இல் ஆரம்பித்தது தப்பு என்று அன்றைக்குத்தான் தோன்றியது.

இவ்வளவும் தெரிந்துகொண்டு முதலில் செய்தது ஒரு முட்டாள்தனம். 2020 ஊரடங்கில் 74 கிலோ ஆகியிருந்தேன். அடுத்த குழந்தைக்கு யோசித்துக்கொண்டிருந்த நேரம். யூடியூபில் பார்த்து மூன்று வாரம் வெறும் காய்கறி சூப்பும் வெள்ளரிக்காயுமாக இருந்தேன். ஐந்து கிலோ குறைந்தது, முடி கொத்துக்கொத்தாக வந்தது, படிக்கட்டில் தலை சுற்றியது. அப்போதுதான் நெதர்லாந்து உறைத்தது. கருத்தரிக்கிற சமயத்தில் உடம்பைப் பட்டினி போடுவதுதானே அங்கே குறி வைத்தது? எடையைக் குறைக்கிறேன் என்று நானே எனக்கொரு பஞ்சத்தை உண்டாக்கிக்கொண்டிருந்தேன். கருத்தரிக்க நினைக்கும் யாரும் இதைச் செய்யாதீர்கள். குறைப்பதானால் மெதுவாக, முன்கூட்டியே. குறைத்து முடித்த பின் இரண்டு மூன்று மாதம் அதே எடையில் நின்று, நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் பிறகு முயற்சி செய்தேன். அது என் மருத்துவர் சொன்ன யோசனை. இந்த முறை நான் போனது வேறொரு மருத்துவரிடம்; எடையைப் பற்றித் திட்டாமல் பேசத் தெரிந்தவர்.

அவர் கர்ப்பத்துக்கு முன்பே ரத்தப் பரிசோதனைகளை எழுதினார். தைராய்டு சரியாக இருந்தது. மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 5.8 சதவீதம், சர்க்கரை நோயின் வாசல்படி. முதல் பிரசவம் முடிந்து ஆறாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரத்துக்குள் ஒருமுறை குளுக்கோஸ் டெஸ்ட் எடுத்திருக்க வேண்டும், நான் எடுக்கவில்லை. கைக்குழந்தையோடு யார் லேபில் இரண்டு மணி நேரம் உட்காருவது என்று விட்டிருந்தேன். கர்ப்பத்தில் சர்க்கரை வந்து போனவர்கள் தயவுசெய்து விடாதீர்கள், குழந்தையை யாரிடமாவது கொடுத்துவிட்டுப் போங்கள்.

பி12 குறைவாக இருந்தது. புனே ஆய்வில் இன்னொரு முடிவு, கர்ப்பத்தில் ஃபோலேட் அதிகமும் பி12 குறைவுமாக இருந்த தாய்மார்களின் பிள்ளைகளிடம் ஆறு வயதில் இன்சுலின் சரியாக வேலை செய்யாத போக்கு கூடுதலாகத் தெரிந்தது. மெத்தில் தொகுதியை டிஎன்ஏவுக்குக் கொண்டு சேர்க்கும் வண்டிக்கு ஃபோலேட்டும் வேண்டும், பி12உம் வேண்டும். ஒரு சக்கரத்தை மட்டும் பெரிதாக்கினால் வண்டி ஓடாது. அதற்காக ஃபோலிக் அமில மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். கருத்தரித்து 28 நாளில் குழந்தையின் நரம்புக் குழாய் மூடிவிடும். பல பெண்களுக்கு அப்போதுதான் நாள் தள்ளிப்போனதே தெரியும். மாத்திரையை முன்பே தொடங்க வேண்டும், கூடவே பி12ஐயும் பார்த்துக்கொள்ள வேண்டும். நான் மூன்று மாதம் முன்பே இரண்டையும் தொடங்கினேன்.

சாப்பாட்டில் பெரிய சாகசம் எதுவும் இல்லை. காலையில் ஐந்து இட்லி மூன்றானது. பக்கத்தில் ஒரு முட்டை, கெட்டியான சாம்பார். மதியம் சோற்றை டம்ளரில் அளந்து போட்டுக்கொண்டேன், காய் இரண்டு மடங்கு. சாயங்காலம் ஸ்டாஃப் ரூமில் டீயோடு வந்துகொண்டிருந்த பப்ஸுக்குப் பதில் சுண்டல் டப்பா. வாரத்துக்கு நாலு நாள் கீரை. அந்தக் கீரைப் பழக்கத்துக்கு மும்பை ஆய்வு ஒரு காரணம். அங்கே குடிசைப் பகுதிப் பெண்களுக்குக் கர்ப்பத்துக்கு முன்பிருந்தே தினமும் கீரை, பழம், பால் சேர்த்த ஒரு தின்பண்டத்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒப்பீட்டுக் குழுவில் 12.4 சதவீதமாக இருந்த கர்ப்பகாலச் சர்க்கரை இவர்களிடம் 7.3 ஆகக் குறைந்திருந்தது. மருந்தும் இல்லை, மாயமும் இல்லை, ஒரு வடை அளவு தின்பண்டம்.

நடைதான் கஷ்டமாக இருந்தது. வேலையிலிருந்து வந்து சமைத்து, மகனுக்குச் சோறு ஊட்டிவிட்டு எங்கே நடப்பது? பள்ளி மைதானத்தை மதிய இடைவேளையில் இருபது நிமிடம் சுற்றினேன். பிள்ளைகள் முதலில் சிரித்தார்கள், அப்புறம் நாலைந்து பேர் கூடவே வந்தார்கள். அத்தையை மாற்றவும் கொஞ்ச காலம் பிடித்தது. அறிவுரை எடுபடவில்லை. மகன் ஐசியுவில் இருந்த இரண்டு நாளைப் பற்றி ஒருநாள் பேசினோம், அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர் நெய்க்கிண்ணத்தை என் பக்கம் தள்ளவில்லை.

பதினாலு மாதத்தில் 74இலிருந்து 65க்கு வந்தேன். பிஎம்ஐ 27.4. இன்னும் பருமன் பட்டியலில்தான். 55 கிலோ ஆகும்வரை காத்திருக்கலாமா என்று கேட்டதற்கு, "வயசும் ஒரு கணக்குதாம்மா, இது போதும்" என்றார் மருத்துவர். 2021 அக்டோபரில் நாள் தள்ளிப்போனது.

கர்ப்பத்துக்குள் வந்த பிறகு எடையைக் குறைக்க முயலவில்லை, கூடுவதை மட்டும் பார்த்துக்கொண்டேன். எட்டரை கிலோ கூடியது. சர்க்கரை இந்த முறையும் வந்தது! அந்த அறிக்கையைப் பார்த்து உட்கார்ந்துவிட்டேன். ஆனால் 30ஆவது வாரத்தில்தான், 148தான். சாப்பாட்டிலேயே அடங்கியது, ஊசி தேவைப்படவில்லை. இங்கிலாந்தில் உடல் பருமன் உள்ள 1,555 கர்ப்பிணிகளிடம் நடத்திய பெரிய சோதனையில்கூட, கர்ப்பத்துக்குள் உணவையும் உடற்பயிற்சியையும் மாற்றியதால் சர்க்கரை வருவது குறையவில்லை. ஆனால் தொப்புள்கொடி ரத்தத்தைப் பின்னால் பார்த்தபோது, சர்க்கரை விட்டுச்சென்ற குறிகள் பயிற்சி பெற்றவர்களின் குழந்தைகளில் சற்று மங்கியிருந்தன. தாமதமாகத் தொடங்கினாலும் முழுக்க வீண் இல்லை என்று நான் எடுத்துக்கொண்டேன்.

மகள் சரியாக 3 கிலோ. பிறந்த அன்றே என் பக்கத்தில் படுத்திருந்தாள்.

இரண்டு பிள்ளைகளையும் பார்த்தவர்கள் கேட்பார்கள், இருவருக்கும் அந்தக் குறி எப்படி இருக்கிறது என்று டெஸ்ட் எடுத்தாயா? இல்லை. எடுத்தாலும் ஒரு தனிக் குழந்தையைப் பற்றி அதை வைத்து உருப்படியாக ஒன்றும் சொல்ல முடியாது. ஆயிரக்கணக்கானவர்களைச் சேர்த்துப் பார்த்தால்தான் தெரிகிற அளவுக்குச் சிறியவை அந்த வித்தியாசங்கள். கனடாவின் கியூபெக்கில், தாய் எடைக் குறைப்பு அறுவைச் சிகிச்சை செய்துகொள்வதற்கு முன் பிறந்த பிள்ளையையும் பின் பிறந்த பிள்ளையையும் ஒப்பிட்டு, குறிகளில் வேறுபாடு கண்டிருக்கிறார்கள். ஒரே தாய், இரண்டு உடம்பு. அதைப் படித்தபோது மகனிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்கத் தோன்றியது உண்மைதான். இப்போது தோன்றுவதில்லை. அவன் ஓடுகிறான், சைக்கிள் விடுகிறான், தங்கைக்குச் சுண்டலில் பங்கு கொடுக்காமல் சண்டை போடுகிறான். பிறந்த பிறகு நடப்பதும் குறி வைக்கும், குறியை மாற்றும்.

எங்கள் பள்ளியில் வாரத்துக்கு ஒருநாள் மாணவிகளுக்கு நீல நிற மாத்திரை கொடுப்போம். இரும்பும் ஃபோலிக் அமிலமும் சேர்ந்தது. முன்பெல்லாம் பெட்டியைக் கிளாஸ் லீடரிடம் கொடுத்துவிட்டு ரெஜிஸ்டரில் டிக் அடிப்பேன். ஜன்னலுக்கு வெளியே செம்பருத்திச் செடியடியில் பாதி மாத்திரை கிடக்கும், எனக்கும் தெரியும். இப்போது மதியச் சாப்பாடு முடிந்ததும் நானே வரிசையாகப் போகிறேன். கடைசி பெஞ்சில் ஒரு பெண், மணிக்கட்டு என் இரண்டு விரலுக்குள் அடங்கிவிடும். அவள் பக்கத்தில் உட்காருகிறவள் அவளைப் போல் இரண்டு மடங்கு.

"மிஸ், இதைப் போட்டா வாந்தி வருது" என்கிறாள் ஒருத்தி. "குண்டாயிடுவோமா மிஸ்?" என்கிறாள் மற்றவள்.

"ஆகமாட்டே. சாப்பிட்டுட்டுதானே இருக்கே? தண்ணி எடு" என்று சொல்லிவிட்டு, விழுங்கும்வரை அங்கேயே நிற்கிறேன்.